விட்டால் கத்தும் ஜீப்பு

சிலமலைப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவதுதான் என் பிழைப்பு. வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப்பு. மெட்டு வரைக்கும் தார் ரோடு. அதற்கப்புறம் தோட்டத்துக்குள் போகிற வழியை வழி என்று சொன்னால் வழியே கோபித்துக்கொள்ளும். எனக்கும் கோபம் சீக்கிரம் வரும் என்பார்கள். இல்லை என்று சொல்லப்போய் அதற்கும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். அந்தப் பெண்கள் வேறு ஜீப்பில் ஏறிவிட்டால் என் வண்டி கோழி அடைக்கத்தான் ஆகும்.

மழை ஓய்ந்த சமயத்தில் வண்டி நடுங்க ஆரம்பித்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன். அதனால் பாதத்துக்குத்தான் முதலில் தெரிந்தது. சமதளத்தில் வேகம் பிடித்தால் தரைத்தகடு விறுவிறுக்கும். கிளம்பும்போது அடியில் 'டொக்' என்று ஒரு உதை.

போடியில் தேனி ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கிறவர் எனக்கு முறையில் மாப்பிள்ளை. வண்டிக்கடியில் படுத்து, கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகிற நீளமான தண்டைப் பிடித்துத் திருகிக் காட்டினார். அதன் மூட்டில் சிலுவை மாதிரி இருக்கிற கிராஸ் தேய்ந்து லொடலொடத்தது. புதுசு போட்டார். ஓட்டிப் பார்த்தேன், தகடு அசையவில்லை, உதையும் இல்லை. மாப்பிள்ளை கைராசிக்காரர் என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் மலையடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“அண்ணே, ஊளை இன்னும் நிக்கலையே?”

“எந்த ஊளை?”

“இந்தா, இப்பக்கூடக் கத்துதே.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் கேட்கிறது, டயர் சத்தம் கேட்கிறது, பின்னால் தூக்குவாளிகள் இடிபடுவதுகூட லேசாகக் கேட்கிறது. ஊளை எங்கே? வேலைக்குப் போகிற அலுப்பில் எதையாவது சொல்கிறார்கள் என்று விட்டேன். அவர்கள் விடவில்லை. தினமும் ஊளை, ஊளை. நடுக்காட்டில் அச்சு முறிந்தால் யார் வந்து தூக்குவது என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்து ஊர் ராசிங்காபுரத்து ஜீப்பில் இடம் இருக்கிறதாம் என்று இன்னொருத்தி, என் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னாள். அது மட்டும் விழுந்தது.

இத்தனை பேரிலும் எனக்கு அதிக எரிச்சல் முன்சீட்டுக்காரி மேல்தான். என் பக்கத்தில் எப்போதும் அவள்தான் உட்காருவாள். நாற்பதை ஒட்டிய வயது, வாய் கொஞ்சம் நீளம். “பஸ்சு வருதுண்ணே, ஒதுங்கு”, “லாரி எறங்குது, நில்லு” என்று வளைவுக்கு வளைவு உத்தரவு போடுவாள். வண்டி என்னுடையதா அவளுடையதா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

பட்டறைக்குப் போனேன். மாப்பிள்ளை கேட்டார்: “சத்தம் எப்ப வருது மாமா? ஆக்சிலேட்டர மிதிக்கிறப்பவா, விடுறப்பவா?”

“சத்தமே இல்ல மாப்ளே. பொம்பளைகளுக்கு வாய் சும்மா இருக்காது.”

அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் நானே கூட வர்றேன் என்றார். மலையிறங்கி வந்தபோது போடியில் ஏறி, பின்னால் பெண்களுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்துகொண்டார். சிலமலை ரோடு நேராக, சமமாகக் கிடக்கும். வேகம் பிடித்தேன். மாப்பிள்ளை என் தோளுக்கு மேல் எட்டிக் கேட்டார்.

“இப்பக் கேக்குதா மாமா?”

“இல்ல.”

“கால எடுங்க. இப்ப?”

“இல்லைன்னா இல்லதான்.”

அப்புறம் முன்சீட்டுக்காரி என்னைப் பார்க்காமல், பின்பக்கம் திரும்பிச் சொன்னாள்: “விடுறப்பத்தான் கத்துது. மிதிச்சா நிக்குது.”

தினமும் கேட்கிறவள் என்று அதிலிருந்து மாப்பிள்ளை அவளிடமே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் சொன்னதை மட்டும் செய்தேன். முன்சக்கர இழுவையைப் போடச் சொன்னார், போட்டேன். எடுக்கச் சொன்னார், எடுத்தேன். ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான் என்றாள் அவள். அப்படியென்றால் முன்னச்சில் கோளாறு இல்லை. நியூட்ரலில் உருள விட்டேன். சன்னமாக இன்னும் கேட்கிறது என்றாள். அப்படியென்றால் எஞ்சினும் கியர் பெட்டியும் தப்பித்தன. மிச்சம் இருப்பது பின்னச்சு ஒன்றுதான். டாக்டரும் நோயாளியின் தாயும் பேசிக்கொள்வதுபோல் அவர்கள் பேசினார்கள். நான் குறுக்கே ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சிலமலை நெருங்கியபோது அவள் என் முழங்கையைத் தட்டினாள். “நிறுத்துண்ணே. அவரு நிறுத்தச் சொல்லிக்கிட்டே இருக்காரு.”

நிறுத்தினேன். மாப்பிள்ளை இறங்கி என் பக்கமாக வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. “பின்னாலருந்து ரொம்ப நேரமாக் கூப்புடுறேன் மாமா” என்றார்.

“என்னைச் செவிடன்னு சொல்றியா?”

அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது.

“அப்படி யாரும் சொல்லலண்ணே” என்றாள் முன்சீட்டுக்காரி. “வளைவுல நீ ஹார்ன் அடிப்ப. மேல இருந்து பஸ்காரன் பதிலுக்கு அடிப்பான். அது ஒனக்கு விழல. ஒருநாள் நேருக்கு நேரா போயி நின்னமே, ஞாபகம் இருக்கா? நீ அவனப் போட்டுத் திட்டுன. அவன் அடிச்சிருந்தான்ணே. எங்க அத்தன பேருக்கும் கேட்டுச்சு. அன்னைக்கே பேசி முடிவு பண்ணித்தான் என்னைய முன்னாடி ஒக்கார வச்சாங்க.”

“எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நீ கோவப்படுவ.”

இதற்கு நான் கோபப்படவில்லை. “வேற ஜீப்புல ஏறியிருக்கலாமே ஆத்தா, ஏன் உசுரப் பணயம் வச்சு இதுல வந்தீக?” என்று கேட்டேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. காரணம் காது இல்லை.

“ஏறியிருக்கலாம்தான். பிள்ளைக்குச் சோறு குடுத்துட்டு வர லேட்டாச்சுன்னா மத்த ஜீப்பு நிக்காதுண்ணே. நீ திட்டுவ. ஆனா நிப்ப.”

பின்னாலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அல்லது நான்தானோ. ஆனால் அவள் அதோடு விடுகிறவள் இல்லை. “நானும் எத்தன நாளைக்கு ரோட்டையே பாத்துக்கிட்டு வர்றது? வண்டியச் சரி பண்ணு. காதையும் போயிப் பாரு. ரெண்டும் ஆனாத்தான் நாங்க ஏறுவோம்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மற்றவர்களும் இறங்கி ஊருக்குள் நடந்துபோனார்கள்.

பட்டறையில் பின்னச்சின் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டியைத் திறந்தபோது, ஆயில் முழுக்க இரும்புத்தூள் மினுமினுத்தது. சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற இடம் அது. உள்ளே ஒரு பேரிங் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ஏதாவது ஒரு இறக்கத்தில் பல் உடைந்து சக்கரம் இறுகியிருக்கும் என்றார் மாப்பிள்ளை. பின்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை முகங்களும் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன.

காதுக்குத் தேனிக்குப் போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சத்தம் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் கருவியை இயக்குகிற பெண்ணின் கை அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். அவள் எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். எஞ்சின் பக்கத்திலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு சன்னமான சத்தங்கள்தான் முதலில் போகும், கனத்த சத்தம் கடைசியில்தான் போகும் என்றார் டாக்டர். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், ஏன் இந்தக் கத்துக் கத்துகிறாய் என்று மனைவியைக் கேட்டேன். “கல்யாணமான புதுசுல மெதுவாத்தான் பேசுனேன்” என்றாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன்.

ஜீப்பு தயாரானதும் காலையில் சிலமலையில் கொண்டுபோய் நிறுத்தினேன். வருவார்களோ மாட்டார்களோ என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஏறுவதற்கு முன் என் காதை எட்டிப் பார்த்தாள், கல்யாண வீட்டில் புதுத்தோட்டைப் பார்க்கிற மாதிரி. “ஊளை நின்னுருச்சு” என்றார்கள். ஊர் பூராவும் பேசிய அந்த ஊளையை நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. காது வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது.

முந்தல் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. வளைவில் ஹார்ன் அடித்தேன். மேலேயிருந்து சன்னமாக, கொசு மாதிரி, ஒரு பதில் வந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். முன்சீட்டுக்காரி “அண்...” என்று வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். பஸ் இறங்கிப் போனது. அடுத்த வளைவிலும் அப்படியே, லாரி. அவள் என்னைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மலை ஏற ஏற மற்றப் பெண்கள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தத் தூக்கம்தான் மிச்சம். இவள் மட்டும் இத்தனை காலமும் தூங்கியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். பக்கக் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

முன்னால் பெரிய வளைவு. ஹார்ன் அடித்தாக வேண்டும். எழுந்துவிடுவாளே என்று கை தயங்கியது. அடித்தேன். அவள் எழவில்லை.