அத்தான் மடக்கி எழுதிய வரிகள்

அச்சகத்தின் பின்னறையில், கண் பூத்துப்போகும் அளவுக்குப் பக்கம் கட்டியவள் அவள். யார் எந்தக் கோலத்தில் புத்தகத்துக்கான ஃபைலை அனுப்பினாலும் முதல் வேலை, அதை வெறும் எழுத்தாக்குவது. தடிப்பு, சாய்வு, கலர் எல்லாம் போய்விடும். அப்புறம் குப்பை பொறுக்குவாள். மெயிலில் வந்த ஃபைல் என்றால் வரிக்கு வரி ஒரு என்டர் உட்கார்ந்திருக்கும். பத்திகளுக்கு நடுவே இருப்பதை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் ஒரே தட்டில் துடைத்து, வரிகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவாள். அதன் பிறகுதான் பக்கங்களுக்குள் இறக்குவது. எழுத்தைப் பார்ப்பாளே தவிர, படிக்கமாட்டாள். படித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?

அக்காள் புருஷன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், "ஏதோ கிறுக்கி வெச்சிருக்கேன்மா, புக்கா போடணும்" என்று மெயில் அனுப்பியபோதும் அப்படித்தான் செய்தாள். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"படிச்சியா?" தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"படிச்சேன் அத்தான், பிரமாதம்!" வாயில் வந்ததைச் சொன்னாள். "புரூஃப் அனுப்பவா?"

"நீ பார்த்தா போதாதா? நான் என்னத்தைக் கண்டேன்."

புத்தகக் கட்டு அவர் வீட்டுக்கு வந்த சாயங்காலம் அவளும் போயிருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் புரட்டினார். நாலு பக்கம் தாண்டுவதற்குள் முகம் விழுந்துவிட்டது.

"என்ன, பிரேக் பிடிக்கலையா?" என்று அக்கா சீண்டிவிட்டு உள்ளே போனாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குத்தாம்மா நன்றி சொல்லணும். கவிதைன்னு நினைச்சு வரி வரியா மடக்கி எழுதினேன். வெக்கத்துல அந்த வார்த்தையை உங்கிட்டகூடச் சொல்லலை. நீ படிச்சுட்டு, இது கவிதையே இல்லைன்னு தெரிஞ்சு, என் மனசு நோகாம வசனமா சேர்த்துட்ட. இல்லைன்னா நாலு பேர் சிரிச்சிருப்பாங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது. 'ஆமாம் அத்தான்' என்று சொன்னால் போதும், அவள் மானம் பிழைத்துக்கொள்ளும். அவர்தான் இனி பேனாவைத் தொடமாட்டார். தொடக்கூடாததைத் தொட்டுவிட்டவர் போல, அவர் அதற்குள் புத்தகத்தைக் கட்டுக்குள் திருப்பிச் செருகிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் படிக்கவே இல்லை."

"என்னம்மா சொல்ற?"

"ஒரு வரிகூடப் படிக்கலை. எல்லா ஃபைலையும் துடைக்கிற மாதிரி இதையும் துடைச்சேன். படிச்சேன்னு சொன்னது பொய். மொத்தத்தையும் என் செலவுல திரும்ப அடிச்சுத் தரேன்."

திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ… அது கவிதைதானா?" என்று கேட்டார்.

படித்திருந்தால்தானே பதில் சொல்ல முடியும்? பையைத் துழாவிப் போனை எடுத்தாள். பழைய மெயிலைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.