அன்செல்மா விருந்தாளியாகத் தங்கிய மூன்று நாள்

செப்டம்பர் மாதத்தில் செயின்ட் லூசியாவுக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதில்லை. புயல் காலம். கடற்கரை விடுதிகளில் பாதி அறைகள் பூட்டியே கிடக்கும். நீச்சல் குளத்தை வற்றவைத்துப் பெயின்ட் அடிப்பார்கள், வேலையாட்களில் பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு செப்டம்பரில்தான் மோன்ஷி ஊர் அன்செல்மாவுக்கு, அவள் வேலை பார்த்த விடுதியிலேயே கணவனோடு மூன்று நாள் விருந்தாளியாகத் தங்கும் பரிசு கிடைத்தது.

இருபத்துமூன்று வருடம் அங்கே அறை சுத்தம் செய்தவள். நாளுக்குப் பதினான்கு அறை. யாராவது ஒற்றைக் காலுறையை மறந்துவிட்டுப் போனாலும் கவரில் போட்டு, அறை எண் எழுதி ஒப்படைத்துவிடுவாள். ‘இந்த வருடத்தின் சிறந்த பணியாளர்’ என்று பெரிய மேனேஜர் அவள் பெயரை வாசித்தபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது பெர்லினா. இருவரும் பதினோரு வருடமாக ஒரே தள்ளுவண்டியைத் தள்ளியவர்கள். பெர்லினாவின் மகளுக்கு அன்செல்மாதான் ஞானத்தாய். பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை, ‘கொம்மே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களும் அப்படித்தான்.

அன்செல்மாவின் கணவன் கத்பர்ட், மீன்பிடி படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவன். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் போகவேண்டும் என்று, விடுதிக்குப் போவதற்கு முதல் நாளே எலுமிச்சையும் சர்க்கரையும் வைத்து விரல் விரலாகத் தேய்த்தான். புது வைக்கோல் தொப்பி, பூப்போட்ட சட்டை.

“டுடு, உள்ள நுழையறப்ப நாம முன்வாசல் வழியாப் போவோமா, இல்ல பழக்கதோஷத்துல நீ பின்வாசலுக்குப் போயிடுவியா?” என்றான். சந்தோஷமாக இருந்தால்தான் அவன் பெண்டாட்டியை ‘டுடு’ என்று கொஞ்சுவான்.

முன்வாசல் வழியாகத்தான் போனார்கள். குளிர்ந்த துண்டும் குடிக்கப் பழச்சாறும் கொடுத்தார்கள். நீட்டிய பெண்ணின் முகத்தை அன்செல்மாவால் நேராகப் பார்க்க முடியவில்லை, அவள் பக்கத்துத் தெருக்காரி.

மறுநாள் காலையில் எழுந்ததும் கை தானாகப் படுக்கையை விரித்து, மூலைகளை மடித்துச் செருகிவிட்டது. குளியலறைக் கண்ணாடியையும் துடைத்துவிட்டாள். தள்ளுவண்டியோடு வந்த பெர்லினா அறையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏன் கொம்மே, என் வேலையைப் பிடுங்கவா இங்க வந்து தங்கியிருக்க? போ, போய்க் கடல்ல விழு.”

“கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“கையில ஒரு கிளாஸைக் கொடுக்கச் சொல்லு, தானா சும்மா இருக்கும்.”

மேசைமேல் அன்செல்மாவின் தங்க வளையத் தோடுகள் கிடந்தன. கத்பர்ட் ஒரு தடவை மார்ட்டினிக் தீவுக்குப் படகு வேலையாகப் போனபோது வாங்கிவந்தது. பெர்லினா ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “ராத்திரிச் சாப்பாட்டுக்கு இதைப் போட்டுக்கிட்டு வா. அந்தக் கடெட் பார்க்கட்டும்” என்றபடி திரும்ப வைத்தாள். மிஸ் கடெட் என்பவள் பணியாளர்களை மேய்க்கும் டூட்டி மேனேஜர், முப்பது வயதுக்காரி, சிரிப்பதில்லை.

அன்று நல்ல வெயில். வாதாமர நிழலில் கத்பர்ட் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டான். அன்செல்மா இத்தனை வருடமாக அந்த மணலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். கழுத்தளவு தண்ணீரில் நின்றாள், மல்லாந்து மிதந்தாள், கரையேறி இரண்டு ரம் பஞ்ச் குடித்தாள். யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், யாரோ காலிக் கிளாஸை எடுத்துப் போனார்கள். மூன்றாவது கிளாஸுக்கு அவளே விரலை உயர்த்திக் கூப்பிட்டாள். அந்த விரல் அவ்வளவு சுலபமாக உயர்ந்ததை அப்போது அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு உடுத்தும்போது தோடுகளைக் காணவில்லை.

மேசைமேல் இல்லை. இழுப்பறையில் இல்லை. பையைக் கவிழ்த்தார்கள், செருப்புக்குள் பார்த்தார்கள்.

“எங்க வச்ச?”

“மேசைலதான் இருந்துச்சு. காலைல பாத்தேனே.”

“அதுக்கப்புறம் யார் வந்தா?”

அன்செல்மா இழுப்பறையை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். கத்பர்ட் போனை எடுத்து ரிசப்ஷனுக்குச் சொல்லிவிட்டான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. அறையில் பொருள் காணவில்லை என்று ஒரு விருந்தாளி போன் செய்தால் கீழே என்ன நடக்கும் என்பது கத்பர்ட்டுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் ஒரு கனடாக்காரியின் கைக்கடிகாரத்துக்காக அவளையே இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். தெரிந்தும் சும்மா நின்றாள்.

ஐந்து நிமிடத்தில் மிஸ் கடெட் வந்தாள். போன வாரம் வரை “செல்மா, அந்த மூணாம் மாடி என்னாச்சு?” என்று கேட்டவள், இப்போது கைகளைக் கோர்த்துக்கொண்டு, “மன்னிக்கணும் மேடம். ரூமுக்கு யார் வந்தாங்க?” என்றாள்.

“பெர்லினா.”

“வேற யாராவது?”

“இல்ல.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. “காலைல எடுத்துக் காதுல வச்சுப் பாத்தா” என்றும் சொன்னாள்.

பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் எங்கே போய் விழும் என்று தெரிந்தேதான் சொன்னாள். சொன்ன மறுகணமே, “நான் அப்படிச் சொல்ல வரல” என்று சேர்த்தாள். மிஸ் கடெட் அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் வறுத்த மீனும் ரொட்டிப்பலாவும் ஆறிப்போயின. பக்கத்து மேசைக்காரர்கள் எதற்கோ சிரித்தபோதெல்லாம் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. “ரொம்ப யோசிக்காத, கிடைச்சுடும்” என்றான் கத்பர்ட். கிடைத்தால் யாரிடமிருந்து கிடைக்கும் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மிஸ் கடெட் அறை வாசலுக்கே வந்தாள். முந்தின சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது பெர்லினாவை வாசல் கேட்டிலேயே நிறுத்திப் பையைச் சோதித்ததாகச் சொன்னாள். “தோடு கிடைக்கல மேடம். ஆனா நம்ம சோப்பு நாலு, டீத்தூள் பொட்டலம் ரெண்டு இருந்துச்சு. மறுபடி கூப்பிடற வரைக்கும் வர வேண்டாம்னு சொல்லிட்டோம்.”

விருந்தாளிகள் ஒரு தடவை தேய்த்துவிட்டுப் போடும் குட்டிச் சோப்புகள் அவை. எப்படியும் குப்பைக்குத்தான் போகும். தள்ளுவண்டி தள்ளும் எல்லோரும் எடுத்துப் போவார்கள். அன்செல்மா வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. அவள் “சரி” என்றாள்.

பால்கனிக் கம்பியில் அவளுடைய மெட்ராஸ் துணி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்கு அதுதான் பெயர். மடிக்கலாம் என்று எடுத்தாள். ஒரு மூலை கனத்தது. முடிச்சு. அவிழ்ப்பதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சாவியைப் பூட்டில் திருப்பும்போது, தோடு மேசைமேல் கிடக்கிறதே என்று திரும்பிப் போய் எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டது, தண்ணீரில் இறங்குமுன் அலை அடித்துப் போய்விடுமோ என்று கழற்றித் துணி மூலையில் முடிந்தது, அப்புறம் அந்த மூன்று கிளாஸ்.

கத்பர்ட் பார்த்தான். அவன் முகம் சிவந்தது, அவமானத்தில். “இப்பவே போய்ச் சொல்லு. நானும் வரேன்.”

“மதியானம் போட்டோ எடுக்கறாங்க.”

“என்ன போட்டோ?”

“பரிசு போட்டோ. பெரிய மேனேஜரோட. அது முடியட்டும்.”

“செல்மா.”

“முடியட்டும்னு சொல்றேன்ல.”

மதியம் பன்னிரண்டு மணிக்கு வாதாமரத்தடியில் பெரிய மேனேஜர் அவள் தோளில் கை வைத்து நிற்க, போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். தோடுகள் அவள் உடுப்புப் பைக்குள் இருந்தன. ஒரு அலை வந்து தன்னை இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்று நினைத்துக்கொண்டே சிரித்தாள்.

மூன்று மணிக்குப் பின்வாசல் வழியாகத் துணி அறைக்குப் போனாள். நான்கைந்து பெண்கள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். தோடுகளை மேசைமேல் வைத்து, “என் துணியிலயேதான் இருந்துச்சு. பெர்லினா எடுக்கல” என்றாள்.

ஒருவரும் நிமிரவில்லை. அவர்களில் மூத்தவள் க்ளோடில், மடித்த விரிப்பை அடுக்கில் வைத்துவிட்டு நிதானமாகப் பேசினாள்.

“அவ எடுக்கலன்னு எங்களுக்கு நேத்தே தெரியும். உனக்குத்தான் தெரியல. நாங்க எல்லாரும் வேன்ல உக்காந்திருந்தோம். கேட்ல அவ பையைத் தலைகீழாக் கொட்டினான் அந்தக் காவல்காரன். பைபிள், சாப்பாட்டுக் கிண்ணம், பொம்பளைங்க வச்சுக்கற சமாச்சாரம் எல்லாம் மேசைமேல. அவன் கம்பால தள்ளித் தள்ளிப் பாத்தான். அவ எதிர்த்துப் பேசல. ‘என் கொம்மே ரூம்ல தங்கியிருக்கா, அவளைக் கேளுங்க’ன்னு மட்டும் சொன்னா. ‘அவ சொல்லித்தான் சோதிக்கறோம்’னான் அவன்.”

அன்செல்மா தோடுகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“ரெண்டு நாள் அந்தப் படுக்கைல படுத்ததுக்கே உனக்கு விருந்தாளிங்க கண்ணு வந்துடுச்சு பாரு” என்றாள் க்ளோடில்.

அங்கிருந்து நேராக மிஸ் கடெட்டின் அறை. தோடு கிடைத்த செய்தியைக் கேட்டு அவள், “நல்லதாப் போச்சு மேடம்” என்று காகிதத்தில் எழுதினாள். “அப்ப பெர்லினா வரலாமா?” “சோப்பு விஷயம் வேற. அது விதிமுறை.” அந்த இடத்தில், ‘நானும்தான் எடுத்திருக்கேன்’ என்று சொல்ல அன்செல்மா வாயைத் திறந்தாள். பரிசுக் கடிதம், இருபத்துமூன்று வருடம், கத்பர்ட்டின் படகு வேலை இல்லாத மாதங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். அன்று செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்று பிற்பாடு கத்பர்ட்டிடம் சொன்னாள். தோட்டை மறந்தது ஞாபகப் பிசகு, இது அப்படி இல்லை என்றாள்.

சனிக்கிழமை வீடு திரும்பியதும், பையைக்கூடப் பிரிக்காமல் பெர்லினா வீட்டுக்கு நடந்தாள். பெர்லினா சமையலறைப் படியில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பச்சை வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஞானமகள் முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்ட ஓடிவந்தது, பெர்லினா “உள்ள போ” என்றதும் போய்விட்டது.

அன்செல்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காதில் வைத்துப் பார்த்தாள் என்று சொன்னதையும், போட்டோவையும், சோப்பைப் பற்றி வாய் திறக்காததையும். பெர்லினா மூன்று காய் உரித்து முடித்தாள்.

“என் நம்பர் உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப எனக்குல்ல போன் பண்ணியிருக்கணும். ‘கொம்மே, தோட்டைப் பாத்தியா’ன்னு. நான் திரும்பி வந்து உன்கூடத் தேடியிருப்பேன். அந்தத் துணியை நான் உதறியிருப்பேன்.”

“ஆமா.”

“ஆமாதான்.” அடுத்த காயை எடுத்தாள். “நீ வீட்டுக்குப் போ. எனக்கு இப்ப உன் மூஞ்சியைப் பாக்க முடியல.”

திங்கட்கிழமை அன்செல்மா சீருடை போட்டுக்கொண்டு, அந்த பிஸ்கட் டின்னோடு மிஸ் கடெட்டின் அறைக்குப் போனாள். மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். லவெண்டர் வாசனை அறை முழுக்கப் பரவியது.

“இது எல்லாத்துலயும் நம்ம ஹோட்டல் பேருதான் போட்டிருக்கு. பெர்லினாவுக்கு என்ன விதியோ அதுதான் எனக்கும். அவ நாலுதான் எடுத்தா.”

மிஸ் கடெட் டின்னைப் பார்த்தாள், வெளியே வராந்தாவில் நின்ற க்ளோடிலையும் மற்றவர்களையும் பார்த்தாள். அத்தனை பேர் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கும் என்பது அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அன்செல்மாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. புதன்கிழமை பெர்லினாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெர்லினா வந்தாள். முதல் வேலையாக, தனக்கு வேறு மாடி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். ‘கொம்மே’ என்று கூப்பிடுவது நின்றுபோய், கத்பர்ட்டின் குடும்பப் பெயரைச் சொல்லி ‘மிஸஸ் ஹிப்போலிட்’ ஆயிற்று. போட்டோவைப் பணியாளர் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிவிட்டார்கள், அடுத்த பரிசுக்காரி வரும்வரை எடுக்கமாட்டார்கள். அன்செல்மா தினமும் காலையில் தன் சிரிப்பைத் தாண்டித் தலைகுனிந்து உள்ளே போனாள். எடுத்துவிடச் சொல்லலாமே என்றான் கத்பர்ட். “இருக்கட்டும்” என்றாள்.

மறுவருடம் ஜனவரியில், நல்ல கூட்டம் இருந்த நேரம், க்ளோடில் சுத்தம் செய்த அறையில் ஒரு மோதிரம் காணாமல்போனது. செய்தி கேட்டதும் அன்செல்மா தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய், கேட்டில் பையைச் சோதிக்க ஆள் அனுப்புவதற்கு முன் அறையை ஒரு தடவை புரட்டிப் பார்க்கிறேன் என்று மிஸ் கடெட்டிடம் நின்று வாதாடி அனுமதி வாங்கினாள். விருந்தாளி வாசலிலேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தான். விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறினாள். மெத்தை கனம், ஒருத்தியால் நகர்த்த முடியவில்லை. எதிர்ப்பக்கம் யாரோ வந்து குனிந்து மெத்தையைப் பிடித்தார்கள். பெர்லினா.

“தூக்கு” என்றாள்.

இருவருமாகத் தூக்கினார்கள். மோதிரம் அங்கே இல்லை. பிறகு குளியலறைக்குப் போனார்கள். அரைமணி நேரம் கழித்துப் பெர்லினாதான் அதை வாஷ்பேசின் குழாயின் வளைவிலிருந்து எடுத்தாள். எடுத்துத் துடைத்து விருந்தாளியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அன்செல்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் தன் மாடிக்கு ஏறிப் போனாள். அன்செல்மா தரையைத் துடைத்துவிட்டு, மெத்தைக்குப் புது விரிப்பு போட்டாள்.