எழுபது வயது மாப்பிள்ளை

இருபத்திரண்டு வயது முடிவதற்குள் எனக்குத் தலை முழுவதும் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது பரம்பரையாக வருவது. அப்பாவுக்கு இருபத்தைந்தில் வெளுத்ததாம். எனக்கு இன்னும் அவசரம், மீசை, புருவம்கூட மிச்சமில்லை.

எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் கண்டக்டர், "பெரியவருக்கு எடம் விடுங்கப்பா" என்பார். யாராவது எழுந்துகொள்வார்கள். ஒரு தடவை அறுபது வயது அம்மா ஒருவர் எழுந்து இடம் விட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து சின்னமனூர் வரை தலை குனிந்தபடியே போனேன். நாலு பேர் முன்னால் வாய் திறப்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கும் பாதிக் காரணம் அதுதான்.

திராட்சைத் தோட்டங்களில் கொடி கவாத்து வெட்டுவது என் வேலை. பழைய கிளைகளை வெட்டிவிட்டால் புதுத் துளிர் வந்து, நாலு மாதத்தில் பழம் வெட்டலாம். எங்கள் செட்டில் எட்டுப் பேர். எனக்கு இருபத்துநாலு வயதாக இருந்தபோது சுருளிப்பட்டியில் ஒரு புதுத் தோட்டத்துக்குப் போனோம். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செட்டில் மூத்தவர்தான் சூடம் காட்டி முதல் கிளையை வெட்ட வேண்டும். அவருக்கு ஒரு துண்டு போர்த்துவார்கள். தோட்டக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"பெரியவரே, ஒங்க கையால ஆரம்பிச்சு வைங்க."

எங்கள் செட்டில் நிஜமான மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு, "போங்கண்ணே, கூப்புடுறாகள்ல" என்று என்னை முன்னால் தள்ளினார். நான் போய் வெட்டினேன். துண்டும் போர்த்திக்கொண்டேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது எப்படி?

வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிக் கட்ட உள்ளூர்ப் பெண்கள் வந்தார்கள். வாலிபர்கள் பக்கம் அவர்கள் வரமாட்டார்கள். என் வரிசைக்குத் தாராளமாக வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு வாய் ஓயாது. முதல் நாளே என்னைத் தாத்தா ஆக்கிவிட்டாள். மூன்றாம் நாள் குச்சியைக் கட்டிக்கொண்டே தன் கவலையைச் சொன்னாள்.

"தாத்தா, எனக்கு ஒரு மாப்பிள்ளை பாத்திருக்காக. தேனிப் பக்கமாம். இருபத்தி நாலு வயசுதானாம், ஆனா தலை பூராம் பஞ்சாம்."

என் கத்திரி நின்றுவிட்டது. சுருளிப்பட்டியில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்.

"மூஞ்சி எப்படி இருந்தா என்ன தாத்தா, அதுக்கு நான் பயப்படல. தலை இப்பவே கெழடாப் போச்சுன்னா உள்ள இருக்கறதும் கெழடாத்தான இருக்கும்? எலும்பு, ஈரல் எல்லாம்? நாப்பது வயசுல பொசுக்குனு போயிட்டா நான் பிள்ளைகள வச்சுக்கிட்டு என்ன செய்வேன்? வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

அவளை எனக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. அதனால் என் வாழ்க்கையிலேயே மிகத் துணிச்சலான ஒரு வாக்கியத்தைப் பேசினேன்.

"எனக்கும் இருபத்திரண்டுலதான் நரைச்சுச்சு."

"நெசமாவா?" குச்சிக்கட்டைக் கீழே போட்டாள். அந்த நேரம் பார்த்துப் பந்தலில் ஒரு கம்பி தளர்ந்து தொங்கியது. பேச்சிலிருந்து தப்பித்தால் போதும் என்று கல்தூணைக் கட்டிப்பிடித்து விறுவிறுவென்று ஏறி, கம்பியை இழுத்து முறுக்கிவிட்டுக் குதித்தேன். அவள் வாய் பிளந்து நின்றாள்.

"ஆத்தாடி! இப்ப ஒங்களுக்கு எழுபது இருக்குமா தாத்தா? எழுபதுலயே இந்த ஏத்தம் ஏறுறீக! அப்ப நரைக்கும் ஆயுசுக்கும் சம்பந்தம் இல்ல."

எழுபது இல்லை என்று நான் திருத்தவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. மறுவாரம் தரகர் வந்து, பெண்ணுக்குச் சம்மதம், பழம் வெட்டி முடிந்ததும் பெண் பார்க்க வரலாம் என்றார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தல். எழுபது வயது வரை நன்றாக இருப்பேன் என்று அவள் நம்பியதற்கு இருந்த ஒரே அத்தாட்சி, இல்லாத ஒரு கிழவன். சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை அவள் பக்கம் போனேன். மூன்று தடவையும், "தண்ணி வேணுமா தாத்தா?" என்றாள். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பழம் வெட்டப் போனபோது அவள் வேலைக்கு வரவில்லை. பெண் பார்க்கும் நாள் குறித்தாயிற்று என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தில் ஓர் அதிசயம் நடந்திருந்தது. கறுத்த பன்னீர்த் திராட்சைக் கொடி ஒன்றில், ஒரே ஒரு கிளையில் மட்டும் கொத்துகள் வெள்ளையாகத் தொங்கின. கொடிக்கு நோய் என்று தோட்டக்காரர் பதறி, விவசாய ஆபீசரைக் கூட்டிவந்தார். என் வயதுக்காரர்தான். அவரும் என்னைப் பெரியவரே என்றார்.

"நோய் இல்லங்க. இந்தக் கெளை மொட்டா இருந்தப்பவே அதுக்குள்ள ஏதோ ஒண்ணு மாறிப்போச்சு. கறுப்பு உண்டாக்குற வேலை மட்டும் நின்னுபோச்சு. வேறெதுவும் மாறல. இந்தக் குச்சிய வெட்டி நட்டா அதுலயும் வெள்ளையாத்தான் காய்க்கும்."

நான் மெதுவாகக் கேட்டேன். "மனுசன் தலைக்கும் இப்படித்தானாங்க?"

அவர் சிரித்தார். முடியின் வேரில் கறுப்பு செய்கிற இடம் உண்டு, சிலருக்கு அது சீக்கிரம் ஓய்ந்துவிடும், அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் வரலாம், அதனால் மட்டும் ஆயுள் குறையாது என்றார். பத்து வயதிலேயே தோல் சுருங்கி, இதயமும் தளர்ந்து, கிழமாகிவிடும் குழந்தைகள் எங்கேயோ அபூர்வமாக உண்டாம். அது வேறு நோய் என்றும் சொன்னார். எனக்கு மனது லேசானது. வெள்ளைக் கொத்து ஒன்றைத் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. நான், அப்பா, அம்மா, அக்கா, அக்கா புருஷன் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். அவள் காபித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, தாத்தாவும் வந்திருக்கீகளா! நீங்க இவுக சொந்தம்னு சொல்லவே இல்லையே!"

முதல் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையைத் தேடினாள். அத்தானுக்கு முடி கருகருவென்று இருந்தது. குழம்பிப்போய் நின்றாள். அக்கா முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை நான்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "எழுபதுன்னு நான் சொல்லல. ஆனா இல்லைன்னும் சொல்லல. தப்புதான். இப்ப வேண்டாம்னு சொன்னாலும் சரி." பையிலிருந்து கொத்தை எடுத்து நீட்டினேன். "ஒங்கூரு கறுப்புக் கொடியில காய்ச்சது. தின்னு பாரு."

அவள் ஒரு பழத்தை வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்றும் போட்டாள்.

"ருசி மாறல" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உடனே அடக்கிக்கொண்டு, "ஆனா என் எழுபது வயசு சாட்சி போச்சே!" என்று அப்பா பக்கம் திரும்பினாள். "மாமா, ஒங்களுக்கு எப்ப நரைச்சது?"

"இருபத்தஞ்சுல, ஆத்தா."

"இப்ப என்ன வயசு?"

"அறுபத்தி நாலு." அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டி எழுந்தார். மூலையில் பெரிய ஆட்டுரல் கிடந்தது. "இத எங்கன வைக்கணும், சொல்லு."

"ஐயோ, வேண்டாம் மாமா!"

அவர் கேட்கவில்லை. ஆட்டுரலைத் தூக்கி எதிர் மூலையில் வைத்துவிட்டு வந்து, மூச்சுக்கூட வாங்காமல் காபியை எடுத்துக் குடித்தார். அவளுடைய அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அவள் உள்ளே போகும்போது, "சரின்னு சொல்லிருங்கம்மா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து. நாற்பதைத் தாண்டியாயிற்று. செட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நரைத்து, சாயம் தேடி அலைகிறார்கள். "ஏலே, நீ மட்டும் எப்படிடா அப்படியே இருக்க?" என்கிறார்கள். என் மூப்பு முன்கூட்டியே வந்து போய்விட்டது. மகனுக்குப் பதினாறு வயது. அவன் தலையை அவள் வாரம் ஒரு தடவை விலக்கிப் பார்க்கிறாள். போன மாதம் ஒரு வெள்ளை முடி கிடைத்தது. பயப்படுவாள் என்று நினைத்தேன்.

"தாத்தா, இங்கன ஓடி வாங்க!" என்று ஊருக்கே கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாள்.

அந்த ஆட்டுரல் சுருளிப்பட்டியில் அப்பா வைத்த மூலையில்தான் இன்னும் இருக்கிறது. அங்கே அது வழியை மறிக்கிறது என்று மாமியார் புலம்புகிறார். திருப்பி வைக்க நானும் அத்தானும் சேர்ந்து ஒரு தடவை முயன்றோம். அசையவில்லை.