முதுகு ஜிப்

ஸ்டெய்ன்தோருக்குக் குளிராது என்பது அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த சேதி. தெரியாதவர்களுக்கு அவனே சொல்லிவிடுவான். பனி உருகி, எரிமலைப் பாறைக்குள் ஊறி, நிலப்பிளவில் வந்து தேங்கும் தண்ணீருக்குள் பயணிகளைக் கூட்டிப் போவதுதான் வருஷக்கணக்காக அவன் பிழைப்பு. யாராவது நடுங்கினால் அவன் வாய் சும்மா இருக்காது.

அன்று வந்தவள் பொஜேனா. ஸ்லோவாக்கியாவில் பஸ் ஓட்டுகிறவள். இந்தப் பிளவில் முங்குவதற்கென்றே லீவு சேர்த்து வைத்து வந்திருந்தாள். தண்ணீர் புகாத டிரை சூட்டுக்குள் அவள் திணறி நுழைவதைப் பார்த்து, "சாசேஜ் ரெடி" என்றான். சிரித்தபடி முதுகைக் காட்டினாள். அந்த சூட்டுக்கு ஜிப் முதுகில்தான். இன்னொருவர் இழுத்து மூடி, தோளில் தட்டி அனுப்ப வேண்டும். அவளுடையதை இழுத்து மூடித் தட்டி அனுப்பினான்.

"நீ திரும்பு, உன்னோடத பாக்கறேன்," என்றாள் உடன் வேலை செய்யும் ஹல்வேய்க்.

"நான் என்ன டூரிஸ்டா? எனக்கே எட்டும், போ."

ஜிப்பின் முனையில் ஒரு கயிற்றை மாட்டித் தானே இழுத்துக்கொண்டான். இரண்டு விரல் அகலம் மூடாமல் நின்றது.

இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஐஸ் தண்ணீர் முதுகு வழியாக இறங்கிக் காலில் நிறைந்தது. மூச்சு எகிறியது. கை எது, கால் எது என்று தெரியவில்லை. பொஜேனா அவன் கண்ணைப் பார்த்தாள். மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டி, அவன் முதுகுச் சிலிண்டரின் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தினாள். இரும்புப் படியில் தவழ்ந்துதான் ஏறினான்.

"என்னாச்சு, அதுக்குள்ள வந்துட்டீங்க?" ஹல்வேய்க் கேட்டாள்.

"இந்தம்மா பயந்துட்டாங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொஜேனா அவனையே பார்த்தாள். பிறகு, "ஆமா, பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க," என்று ஒரு கோப்பை சூடான கோகோவை அவன் கையில் வைத்தாள்.

"அதனால என்னங்க. ஆனா பயந்தவங்கள இன்னிக்கு மறுபடி இறங்க விடமாட்டோம்," என்று ஹல்வேய்க் அவள் ஜிப்பைத் திறந்துவிட்டாள். பொஜேனா தலையாட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றத் தொடங்கினாள்.

ஸ்டெய்ன்தோரை வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை பேரை எப்படியெல்லாம் கேலி செய்திருக்கிறான். கோப்பையைக் கீழே வைத்தான்.

"பயந்தது நான்தான். என் ஜிப் திறந்திருந்துச்சு. இவங்கதான் என்னை இழுத்துட்டு வந்தாங்க."

ஹல்வேய்க் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் தேவலை. "துணிய மாத்திட்டு வண்டில உக்காரு. அவங்கள நான் கூட்டிட்டுப் போறேன்," என்று சிலிண்டர் எடுக்கப் போய்விட்டாள்.

பொஜேனா அவனிடம் வந்து முதுகைக் காட்டினாள்.

"மூடிவிடுங்க."

"ஹல்வேய்க் வரட்டும்."

"காலைல நீங்க மூடினது ஒரு சொட்டு உள்ள விடலையே."

மெதுவாக இழுத்து மூடினான். முனைவரை விரலால் தடவிப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். தோளைத் தட்டத்தான் கை எழவில்லை. அவன் தட்டும்வரை அவள் நகராமல் நின்றாள்.