முன்வரிசையில் இருந்த டப்பா

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. ஆனாலும் அவள் ஆண்ட சமையலறையில் ஒரு கீரைத்தண்டுகூட வீணானதில்லை. கடை மூடும் நேரத்தில் மலிவாகத் தள்ளிவிடும் காய்களை வாங்கி வருவாள். பழையதை ஃப்ரிட்ஜில் முன்னால் வைப்பாள், புதியதைப் பின்னால். முன்னால் இருப்பதுதான் அன்றைய சமையல்.

“வரிசைல வாங்கப்பா, இடிக்காதீங்க” என்று கத்தரிக்காய்களைப் பார்த்துச் சொல்வார் பஸ் ஓட்டிய அப்பா.

“ஓட்டுனது போதும், வெங்காயத்த உரிங்க” என்பாள் அம்மா.

அவள் போன பிறகு, குளிர்பதன இன்ஜினியரான மகள் அப்பாவோடு வந்து தங்கினாள். அம்மா கடைசியாகச் சமைத்த பருப்பு, ஃப்ரீசரின் முன்வரிசையில் ஒரு டப்பாவில் உறைந்திருந்தது. மகள் புதிதாக வாங்கியதையெல்லாம் அதற்கு முன்னால் அடுக்கினாள். அப்பா வழக்கம்போல் முன்னால் இருப்பதை எடுத்துச் சமைத்தார். டப்பா பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது அந்தப் பருப்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

“ஏம்ப்பா எடுத்தீங்க? அது இன்னும் பல நாள் கெடாதுப்பா.”

“தெரியும்மா. ஆனா வரிசை தப்பிப் போச்சே. உங்கம்மா பாத்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் நடுவழியில இறக்கி விட்டிருப்பா.”

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மகள் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். பருப்பில் உப்பு குறைவு. அப்பாவின் ரத்தக்கொதிப்புக்காக அம்மா எப்போதும் அப்படித்தான் போடுவாள். யாரும் உப்பு கேட்கவில்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள்.