மடியில் இருந்த கிளாரினெட்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சுவிஸின் சோலோதுர்ன் நகரில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான்தான், அதுவும் கிளாரினெட். "ஊதிறதுக்கும் டிப்ளோமாவோ?" என்று வீட்டில் நக்கலடிப்பார் அப்பா. எம்மன்புரூக்கேயில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையிலோ அதையே பெருமையாகச் சொல்லித் திரிவார்.

இசைக்குழுவில் என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். சோலோதுர்ன் கச்சேரிதான் எனக்குப் பரீட்சை. கிழக்கு ஐரோப்பாவில் ஒரே கல்யாண வீடுகளில் சேர்ந்து வாசித்த யூதர்களின் யிட்டிஷ் மொழி மெட்டையும், ஜிப்சிகள் எனப்படும் ரோமா மக்களின் ரோமானி மொழி மெட்டையும் பெரிய வாத்தியக் குழுவுக்காக ஒன்றாக்கிய பாட்டு. இரண்டாம் உலகப் போரில் அந்த இரண்டு கூட்டத்தையும் கொன்று குவித்தார்கள். பாடகி யிட்டிஷ் அடியை முடித்து ரோமானி அடியைத் தொடங்கும்வரை கிளாரினெட் மட்டும் ஒரே சுரத்தை அறுபடாமல் பிடிக்க வேண்டும். ஒத்திகையில் ஒருநாளும் எனக்கு மூச்சுப் போதவில்லை. அங்கே அறுந்தால் பாட்டே இல்லை என்று இசைக்குழுவின் நடத்துநர் கடுமையாகச் சொல்லிவிட்டார்.

கச்சேரி ஞாயிறு பின்னேரம், சோலோதுர்ன் தேவாலயம் ஒன்றில்; உள்ளே நல்ல வெயில். பாடகி யிட்டிஷ் அடியை முடித்தாள், நான் சுரத்தைப் பிடித்தேன், பாதியிலேயே நெஞ்சு காலி, எல்லாம் போச்சென்று கிளாரினெட்டை எடுத்து மடியில் வைத்துவிட்டேன், நம்பினால் நம்புங்கள், சுரம் நிற்கவில்லை. குழுவில் வேறு கிளாரினெட் கிடையாது. என் விரல்களுக்குக் கீழே கிளாரினெட்டின் மரம் அதிர்ந்துகொண்டிருந்தது. நடத்துநர் கண்களை மூடியிருந்தார். பாடகி ரோமானி அடியை எடுத்த பிறகுதான் அது அடங்கியது.

முடிந்ததும் நடத்துநர் என் கையைப் பிடித்து, இடம் உனக்குத்தான் என்றார். வாசலில் அப்பா என் காதருகே குனிந்தார்.

"ஏனடா தம்பி, மடியிலை வைச்சுக்கொண்டு எப்பிடியடா ஊதினனீ?"

"நீங்கள் கண்டனீங்களோ?"

"ஓம், முன்னுக்கெல்லோ இருந்தனான். உந்த வித்தையையும் டிப்ளோமாவிலை படிப்பிச்சவையோ?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்த நாற்காலி என்னுடையது. மூச்சும் போதுகிறது, முழுச் சுரத்தையும் நானே ஊதுகிறேன். ஆனால் ஒன்று. கிளாரினெட்டின் வாய்ப்பக்கம் பூட்டும் நாணல் தகடான சீவாளி காய்ந்திருந்தால் பேசாது, வாயில் வைத்து நனைத்துத்தான் பூட்டுவோம். அந்தப் பாட்டு இருக்கிற நாட்களில் மட்டும், பெட்டியிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்கிற சீவாளி, என் வாய் படுமுன்னமே ஈரமாக இருக்கிறது. இளஞ்சூடாகவும்.