எல்லோரும் தடங்கலில்லாமல் படித்த அட்டை

சாம்பல் சட்டைக்காரர் மேல் கண்ணாடிக்காரருக்கு முதல் நாளே சந்தேகம் விழுந்தது. கண் பார்க்க வருகிறவர்கள் வாயைத் திறந்தால் மூடமாட்டார்கள். தலைவலி, வயசு, பழைய கண்ணாடி மேல் யாரோ உட்கார்ந்த கதை என்று ஏதாவது ஒன்று வரும். இவர் ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸ் மாட்டும் சோதனை ஃப்ரேமை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கையில் கொடுத்த அட்டையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். கடைசி வரிகளில் திணறினார். லென்ஸை மாற்றிப் போட்டதும் அதையும் படித்தார். பிறகு, "இதை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்" என்றார். சரி என்பதா வேண்டாம் என்பதா என்று கண்ணாடிக்காரர் யோசிப்பதற்குள் எடுத்தும் முடித்துவிட்டார்.

"கண்ணாடி செய்யலையா சார்?"

"அப்புறம் பாக்கலாம். நம்பர் மட்டும் எழுதிக் குடுங்க."

நம்பரை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க கண்ணாடிக்காரருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை.

காரணம் அந்த அட்டை. கிட்டத்தில் இருப்பது தெரிகிறதா என்று சோதிக்க எல்லாக் கடைகளிலும் ஓர் அட்டை இருக்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. கம்பெனி கொடுக்கும் அட்டையில் அர்த்தமில்லாத நாலு வாக்கியம் இருக்கும். இவருடைய அட்டையில் தொலைந்துபோன ஆட்டின் கதை இருந்தது. நூறு ஆடு வைத்திருந்தவர் பெரிய எழுத்தில் வருவார். ஒன்று காணாமல் போவது அடுத்த அளவில். தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அவர் தேடிப் போவது அதற்கும் சின்ன எழுத்தில். கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவது எறும்பு ஊர்ந்த மாதிரி கடைசி வரியில். அந்த வரி தெரியும்வரை லென்ஸை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். படித்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அதுதான் நம்பர்.

அவரே யோசித்து அச்சடித்த அட்டை அது. அவருக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஒருமுறை சபைக்காரர்களோடு வீடு வீடாகச் சுவிசேஷம் சொல்லப் போனார். முதல் வீட்டில் கதவைத் திறந்த அம்மாளின் கண்ணாடி ஒரு பக்கம் கோணலாக இருந்தது. அதை வாங்கி நிமிர்த்தி, மூக்குப் பிடியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டார். அந்தக் கதையைச் சபையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் இந்த யோசனை வந்தது. தான் பேச வேண்டாம். வருகிறவர்களே வாய்விட்டுப் படித்துக்கொள்வார்கள். பதினோரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

இதில் அவருக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. சபைக்காரர்களுக்கு எப்போதும் நம்பர் குறைவாகவே வரும். ஐம்பதைத் தாண்டியவர்கள்கூட முதல் லென்ஸிலேயே கடைசி வரிவரை கடகடவென்று படிப்பார்கள். வெளியாட்கள் திணறுவார்கள். தினமும் வேதம் வாசிக்கிற கண்ணைக் கர்த்தர் காப்பாற்றுகிறார் என்று அவர் ஒருமுறை சபையில் எழுந்து சாட்சி சொன்னார். வாய் வராத மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே சாட்சி அது. புதிதாக வந்த போதகருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "பிரதர், இதை வீடியோவா எடுத்துப் போடலாம். ரெண்டே நிமிஷம். ஜனங்களைப் போய்ச் சேரும்" என்றார்.

கண்ணாடிக்காரருக்கு அதிலும் சந்தேகம்தான். சபையில் இப்போது இரண்டு விளக்கு, மூன்று கேமரா. கண்ணை மூடி ஜெபிக்கிறவர்கள் எந்தக் கேமரா பார்க்கிறது என்று ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள். ஜனங்களைப் போய்ச் சேர்வது வசனமா, போதகரின் கோட்டு சூட்டா என்று அவர் மனைவியிடம் மட்டும் கேட்டிருக்கிறார்.

வெளியிலும் காலம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் அட்டையைப் படித்துவிட்டு, "நல்ல கதை" என்று சொல்லிப் போவார்கள். இப்போது படித்து முடித்ததும் ஒரு பார்வை பார்க்கிறார்கள். அவருடைய மகள் போனில் திட்டங்கள் விற்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அவள்தான் விளக்கினாள்.

"அப்பா, இப்ப யாராவது சிரிச்சுப் பேசினாலே, இவன் என்ன விக்க வந்திருக்கான்னுதான் தோணும். நான் நாள் முழுக்கச் சிரிச்சுத்தான் பேசறேன். பாதிப் பேர் வெச்சிடறாங்க. நீங்க ஆளை உக்கார வெச்சு, மூக்குல இரும்பை மாட்டி, படிங்கன்னு குடுக்கறீங்க. அவங்க எங்க போவாங்க?"

"நான் யாரையும் வற்புறுத்தலையேம்மா."

"மூக்குல மாட்டினதைக் கழட்டாம எழுந்து ஓட முடியாதுல்ல?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் பயம் வேறு இடத்தில் இருந்தது. கட்டிடச் சொந்தக்காரர் போன வருஷமே சொல்லியிருந்தார். "உங்க நம்பிக்கை உங்களோட. ஆனா கடையில மதம் பேசறாங்கன்னு ஒரே ஒரு புகார் வந்தா, அடுத்த மாசம் நீங்க பூட்டிட்டுக் கிளம்பணும். எனக்கு வம்பு வேண்டாம்." அட்டை இப்போது சாம்பல் சட்டைக்காரரின் போனில் இருக்கிறது. அவர் விரலை ஒரு தட்டுத் தட்டினால் கடை போய்விடும்.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். ஃப்ரேம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஃப்ரேமைப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்துச் சபைப் பாடகர் குழுவின் கட்டைக் குரல்காரர் சோதனைக்கு உட்கார்ந்திருந்தார். முதல் லென்ஸிலேயே கதையை ஏற்ற இறக்கத்தோடு முடித்து, கடைசியில் "அல்லேலூயா" என்று ஒரு சேர்க்கையும் போட்டார். சாம்பல் சட்டைக்காரர் போனில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அவர் போனதும் கண்ணாடிக்காரர் அட்டையை எடுத்து மேசை இழுப்பறையில் பழைய ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். இரண்டு நாள் யாருக்கும் கண் பார்க்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினார்.

"மெஷினா ரிப்பேர்?" என்று மனைவி கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் உதறுது."

"அந்தாளு ஃபோட்டோ எடுத்ததுக்கா? போனை வெச்சிருக்கறவன் சோத்தைக்கூட எடுக்கறான். எல்லாத்துக்கும் பயந்தா எப்படி?"

மூன்றாம் நாள் அட்டை வெளியே வந்தது. வருவது வரட்டும் என்று தீர்மானித்துவிட்டார். கடையே போனாலும் விசுவாசத்தை மறுதலிப்பதில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி, சாம்பல் சட்டைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். கர்த்தருக்காகப் பாடு அனுபவித்தவர்களின் வரிசையில் ஒரு கண்ணாடிக் கடையும் சேரப்போகிறது என்று நினைத்தபோது, பயத்துக்கு நடுவிலே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் சனிக்கிழமை காலையில் வந்தார். கூட ஒரு பெண். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் தையற்கார அம்மா அது. அவருடைய கணவர் சபைக்கு வராதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். முகம்தான் யாருக்கும் தெரியாது.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்று கண்ணாடிக்காரர் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தார். "இந்த அட்டை நான்..."

"அப்புறம் சொல்லுங்க. அதை இவ கையில குடுங்க. கண்ணாடி இல்லாம."

தையற்கார அம்மா கணவரை முறைத்தார். "வீட்டுல பண்ணின கூத்து போதாதா? அண்ணன் முன்னாடியும் பண்ணணுமா?"

"படி."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நூறு ஆடு, ஒன்று காணோம், தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுப் போகிறார். நாலாவது வரியில் சாம்பல் சட்டைக்காரர் கையை நீட்டி, அட்டையை மெதுவாக மனைவியின் கையிலிருந்து உருவிக்கொண்டார். அந்த அம்மா நிறுத்தவில்லை. வெறும் கையைப் பிடித்தபடி, ஆட்டைத் தோளில் போட்டு வீடுவரை கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.



சாம்பல் சட்டைக்காரர் பையிலிருந்து மாத்திரைப் பெட்டியின் மடிப்புத் தாளை எடுத்து விரித்தார். "இப்போ நீங்க செஞ்சு குடுத்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா தாளைக் கிட்டக் கொண்டுபோனார், எட்டப் பிடித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு வார்த்தை தேறவில்லை.

"ஊசியில நூல் கோக்க ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடறா. விரலைக் காட்டு. பாத்தீங்களா குத்தினதை? தலைவலின்னு பாதி நாள் படுத்துடறா. வேற கடையில பாக்கலாம்னா வரமாட்டேங்கறா. சாமி பேரைச் சொல்லி நம்பர் இல்லாத கண்ணாடியைத் தலையில கட்டறீங்கன்னு நெனச்சேன். அதான் அட்டையைப் படம் எடுத்துக்கிட்டுப் போய் வீட்டுல காட்டினேன். இருட்டுலயும் படிக்கறா. உங்க சபை ஆள் ஒருத்தர் அன்னைக்கு இங்க உக்காந்து படிச்சாரே, அவர் கண்ணு மேல கூரையைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் குறிச்சு வெச்சேன்."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஞாயிறு பள்ளியில் காலாட்டிக்கொண்டே மனப்பாடம் செய்த கதை. சபையில் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லாதவர்கள் கிடையாது. பதினோரு வருஷமாக அவர்கள் அட்டையைப் பார்க்கவே இல்லை. நினைவிலிருந்து ஒப்பித்தார்கள். ஒப்பித்ததும் அவர் லென்ஸை நிறுத்திவிட்டார். கர்த்தர் காப்பாற்றிய கண் என்று அதற்குச் சாட்சி வேறு. அந்த அட்டையை உண்மையாகப் படித்தவர்கள் வெளியாட்கள் மட்டும்தான்.

"ஏம்மா, தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"அண்ணன் பாத்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். என் கண்ணுலதான் கோளாறுன்னு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "நம்ம ஆளுகிட்டயே எப்படிக் குறை சொல்றது?"

அந்த மாத்திரைத் தாளையே வைத்துச் சோதித்தார். மூன்று லென்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. லென்ஸை மாற்றித் தருகிறேன், ஒன்றும் தர வேண்டாம் என்றபோது சாம்பல் சட்டைக்காரரின் புருவம் உயர்ந்தது. "இதுக்குப் பதிலா நான் உங்க சபையில வந்து உக்காரணுமா?"

"எங்கயும் வர வேண்டாம் சார். என் தப்பு."

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மனைவியிடம் ஒரு மாத்திரைத் தாளை நீட்டினார். மனைவி வாங்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியாதுங்க. ஆறு மாசமா எதுவும் தெரியல. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

நடந்ததைச் சொன்னார். மனைவி கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். "தொலைஞ்ச ஒத்த ஆட்டைத் தேடிப் போயிட்டீங்க. பட்டியில இருந்த தொண்ணூத்தொம்பதுக்கும் கண்ணு போச்சு."

மகள் போனைக் கீழே வைத்தாள். "அப்பா, இதைச் சபையில சொல்லப் போறீங்களா? சொன்னா கடை படுத்துடும்."

அவர் பாயை விரித்தார். வெளியாட்கள் புகார் சொல்லிக் கடை போனால் அதைக் கர்த்தருக்காகப் பட்ட பாடு என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இது வெறும் தவறு. மறுதலிப்பதில்லை என்று பெரிதாகத் தீர்மானித்தது இதற்கும் சேர்த்துத்தானா என்று யோசித்துக்கொண்டே படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பே போதகரிடம் சொன்னார். போதகர் கதவைச் சாத்தினார்.

"பிரதர், இன்னைக்குத்தானே உங்க அட்டையை வீடியோ எடுக்கறதா இருக்கோம். மன்னிப்பெல்லாம் தனித்தனியாப் பேசிக்கலாமே. யாராவது உங்களை இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"என் கண்ணாடி போட்டவங்க யார் யாருன்னு எனக்கே ஞாபகம் இல்ல பாஸ்டர். எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்ல முடியும்."

சாட்சி நேரத்தில் எழுந்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "போன தடவை நான் சொன்ன சாட்சி தப்பு" என்றார். "உங்க யாருக்கும் கண்ணு நல்லா இல்ல. நீங்க படிக்கல, ஒப்பிச்சீங்க. நான் கவனிக்காம விட்டுட்டேன். என் கடையில கண்ணாடி போட்டவங்க திரும்ப வாங்க. சரியாப் பாத்து லென்ஸை மாத்தித் தர்றேன்." சிவப்பு விளக்கு எப்போது அணைந்தது என்று அவருக்குத் தெரியாது.

கட்டைக் குரல்காரர் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகச் சொன்னார். "அதானே பாத்தேன். ரெண்டு வருஷமா இதுல ஒரு எழுத்தும் தெரியல. வயசாயிடுச்சுன்னு நானே மனசைத் தேத்திக்கிட்டேன்." பாட்டுப் புத்தகம் தெரியாமலே பாடிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது சிரிப்பில் தெரிந்துவிட்டது.

வந்தவர்கள் வந்தார்கள். சிலர் வரவில்லை. வேறு கடைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டார். இப்போது அவர் கையில் கொடுப்பது துணி துவைக்கும் இயந்திரத்தின் விளக்கத் தாளிலிருந்து வெட்டி ஒட்டிய அட்டை. அதை யாரும் மனப்பாடம் செய்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு மாதம் கழித்துச் சாம்பல் சட்டைக்காரர் தன் கண்ணாடிக்கு ஃப்ரேம் எடுக்க வந்தார். புது அட்டையைப் படித்தார். வழக்கம்போல அதையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

"பழைய அட்டையைத் தூக்கிப் போட்டாச்சா?"

"இல்ல சார். அலமாரியில இருக்கு. கண்ணு பாக்க அது ஆகாது. யாராவது கேட்டாங்கன்னா படிக்கக் குடுப்பேன்."

"எனக்கு வேண்டாம்."

"உங்களுக்குத் தேவையும் இல்ல. நீங்க ஒருதடவை ஒழுங்காப் படிச்சிட்டீங்களே."

"எனக்கு அதுல ஒரு வரிகூட ஞாபகம் இல்ல" என்றார் சாம்பல் சட்டைக்காரர், கொஞ்சம் அவசரமாக.

கண்ணாடிக்காரருக்கு அதில் சந்தேகம் இருந்தது. ஃப்ரேமை வாங்கி, அவர் காதுக்குப் பின்னால் உறுத்தாதபடி வளைத்துக் கொடுத்தார்.